உள்ளீட்டுப் பின்னடைவா, திரைத் தாமதமா?

“மிகக் குறைந்த உள்ளீட்டுப் பின்னடைவு கொண்ட இந்த மானிட்டர், கார்ப் பந்தய விளையாட்டுகளுக்கு மிகவும் ஏற்றது.” இந்த வாக்கியமோ இதன் உடன்பிறப்போ இல்லாத தமிழ் விற்பனைக் குறிப்பைக் காண்பது இப்போது அரிதாகிவிட்டது. விமர்சனக் காணொளிகளிலும் இதே சொல்தான். உள்ளீடு எப்படிப் பின்னடையும்? யாரோடு போட்டியிட்டு, எத்தனை வாக்குகளில் பின்னடைந்தது? எழுதியவருக்கும் தெரியாது, படிப்பவருக்கும் புரியாது. ஆனாலும் சொல் மட்டும் ஊர்வலம் போய்க்கொண்டிருக்கிறது.

கையில் இருக்கும் பணத்துக்குள் விளையாட்டுக் கன்சோலுக்கு ஒரு திரை வாங்க நினைப்பவர்தான் இதில் அதிகம் ஏமாறுகிறார். அவர் பார்க்க வேண்டிய முதல் எண்ணையே இந்தச் சொல் மறைத்து வைத்திருக்கிறது.

பொருளை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் ‘இன்புட் லேக்’ என்று திரை விமர்சகர்கள் அளந்து தருவது இதைத்தான்: கன்சோல் அனுப்பிய படம் எச்.டி.எம்.ஐ. கம்பி வழியாகத் திரைக்குள் நுழைந்ததிலிருந்து அது கண்ணுக்குத் தெரியும்வரை கழியும் நேரம். மில்லி விநாடியில் அளப்பார்கள். 60 ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 60 படம் என்ற வேகத்தில், ஓடும் திரை ஒரு படத்தை மேலிருந்து கீழாக வரைந்து முடிக்கவே 16.7 மில்லி விநாடி ஆகும். ஆகவே திரையின் நடுவில் அளந்தால், எவ்வளவு நல்ல திரையாக இருந்தாலும் 8 மில்லி விநாடிக்குச் சற்று மேலேதான் காட்டும். 10 முதல் 20 வரை இருந்தால் குறை சொல்ல எதுவும் இல்லை. படத்தை மெருகேற்றும் வேலைகளை எல்லாம் செய்துவிட்டுக் காட்டும் டி.வி.யில் இதே எண் 100-ஐயும் தாண்டலாம்.

பந்தயத்தில் இது எவ்வளவு தொலைவு? மணிக்கு 180 கிலோமீட்டரில் போகும் கார் ஒரு விநாடியில் 50 மீட்டர் கடக்கும். 100 மில்லி விநாடி என்றால் 5 மீட்டர். அதாவது நீங்கள் திரையில் பார்க்கும் கார், விளையாட்டின் கணக்கில் ஏறத்தாழ ஒரு கார் நீளம் முன்னே போய்விட்டது. பிரேக் பிடிக்கும் இடத்தைப் பொறுத்தவரை இதற்குக் கை பழகிக்கொள்ளும். தடத்தை மனப்பாடம் செய்தவருக்கு அது பெரிய தடையும் இல்லை. வண்டியின் பின்பக்கம் வழுக்கும்போதுதான் வினை தொடங்குகிறது. அதிர்வு தரும் ஸ்டீயரிங் சக்கரம் வைத்திருப்பவருக்கு வழுக்கல் கைக்கு முதலில் தெரிந்துவிடும், கண்ணுக்குப் பிந்தித்தான் தெரியும். கையை நம்பித் திருப்பியவர், பிந்தி வந்த படத்தைப் பார்த்து மீண்டும் ஒருமுறை திருப்புவார். அந்த இரண்டாவது திருப்பலில் வண்டி எதிர்ப்பக்கம் சுழன்றுவிடும்.

இனி சொல்லின் வரலாறு. ஆங்கில ‘லேக்’ 16ஆம் நூற்றாண்டில் கூட்டத்தின் கடைசியில் வருபவரைக் குறித்த சொல். அதன் மூலம் உறுதியாகத் தெரியவில்லை என்றே அகராதிகள் எழுதுகின்றன. பின்தங்குதல், பிந்துதல், இரு நிகழ்வுகளுக்கு இடைப்பட்ட நேரம் என்று பொருள் படிப்படியாக நகர்ந்தது. இதே பொருளில் வழங்கும் ‘லேட்டன்சி’ வேறு குடும்பம்; ‘ஒளிந்திருத்தல்’ என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது. அந்த வேரைப் பிடித்துக்கொண்டு ‘மறைநிலை’ என்று மொழிபெயர்த்தவர்களும் உண்டு. அவர்களை இன்றைக்கு விட்டுவிடுகிறேன்.

‘பின்னடைவு’ எங்கிருந்து வந்தது என்பதை ஊகிப்பது கடினம் அல்ல. லேக் என்றால் பின்தங்குதல், பின்தங்குதல் என்றால் பின்னடைவு என்று அகராதியில் இரண்டு தாவல். இயந்திர மொழிபெயர்ப்பும் இதே இரண்டு தாவலைத்தான் தாவுகிறது. இதற்கு ஆதரவாக வாதிடுவோர் உண்டு. வாக்கு எண்ணிக்கையில் ‘வேட்பாளர் பின்னடைவு’ என்று நாளிதழ்கள் எழுதுவது பின்தங்கியிருக்கிறார் என்ற பொருளில்தானே, படமும் கன்சோலைவிடப் பின்தங்கித்தானே வருகிறது, பிறகென்ன தவறு என்று கேட்கிறார்கள். வேர்ச்சொல்லை மட்டும் பார்த்தால் அவர்கள் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் வேரைப் பார்த்துச் சொல் ஆக்குவது ஒரு வேலை, வழக்கைப் பார்த்துச் சொல் தேர்வது இன்னொரு வேலை. இரண்டாவதைத்தான் யாரும் செய்வதில்லை.

தமிழில் பின்னடைவு என்பது முன்னேறிக்கொண்டிருந்த ஒன்று சறுக்குவது. பேச்சுவார்த்தையில் பின்னடைவு, நோயாளியின் உடல்நிலையில் பின்னடைவு, தேர்தலில் பின்னடைவு. ஒவ்வொன்றிலும் ஒரு தோல்வியின் சாயல் இருக்கிறது. திரை தோற்கவில்லை, தன் வேலையைச் செய்ய அது எடுத்துக்கொள்ளும் நேரம் அது. எந்தத் திரையும் அந்த நேரத்தை எடுத்தே தீரும். இயல்பான ஒன்றைக் கேடு என்று பெயரிட்டால், ‘பின்னடைவே இல்லாத திரை’ என்று விளம்பரம் செய்பவருக்கு வசதியாகிவிடுகிறது. அப்படி ஒரு திரை கிடையாது.

எண்ணோடு சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். ‘ரயில் பத்து நிமிடம் தாமதம்’ என்றால் யாருக்கும் உறுத்தாது. ‘ரயில் பத்து நிமிடம் பின்னடைவு’ என்று சொல்ல எந்த நாக்கும் வளையாது. அளவிடப்படும் ஒன்றுக்குப் பெயர் வைக்கும்போது, அந்தப் பெயர் எண்ணைச் சுமக்க வேண்டும். பின்னடைவு சுமக்காது.

எல்லாவற்றையும்விடப் பெரிய குற்றம் பந்தய விளையாட்டில்தான் வெளிப்படுகிறது. பந்தயத் திரையின் ஓரத்தில், முதலில் போகும் காருக்கும் உங்களுக்கும் உள்ள இடைவெளி எண்ணாக ஓடிக்கொண்டிருக்கும். அதற்குத் தமிழில் மிகப் பொருத்தமான சொல் எது? பின்னடைவு! ‘0.120 விநாடி பின்னடைவு’ என்று எழுதினால், நீங்கள் முன்னால் போகிறவரைவிட அவ்வளவு பின்தங்கியிருக்கிறீர்கள் என்றுதான் எந்தத் தமிழரும் படிப்பார். அந்தச் சொல் உண்மையிலேயே தேவைப்படும் ஒரே இடத்திலிருந்து அதைப் பிடுங்கி, தேவையே இல்லாத இடத்தில் நட்டிருக்கிறார்கள். பந்தய விளையாட்டு விமர்சனத்தில் ‘குறைந்த பின்னடைவு’ என்று வந்தால், வண்டி நன்றாக ஓடுகிறதா, மானிட்டர் நன்றாக இருக்கிறதா?

‘உள்ளீடு’ என்ற முன்பாதியும் அப்படி ஒன்றும் குற்றமற்றது அல்ல. டி.வி.யின் பட்டியலில் உள்ளீடு என்றால் எந்த எச்.டி.எம்.ஐ. துளை என்று பொருள். விளையாடுகிறவருக்கு உள்ளீடு என்றால் கையிலுள்ள பொத்தான். ஆங்கிலத்திலேயே இந்தக் குழப்பம் இருக்கிறது. பொத்தானை அழுத்தியதிலிருந்து கண்ணுக்குப் படம் வரும்வரை ஆகும் மொத்த நேரத்தையும் ‘இன்புட் லேக்’ என்கிறார்கள், அதில் திரையின் பங்கை மட்டும் அளந்து அதையும் ‘இன்புட் லேக்’ என்கிறார்கள். மொத்த நேரத்தில் கன்சோலுக்கும் விளையாட்டுக்கும் பெரிய பங்கு உண்டு. 2021இல் வந்த ‘ஃபோர்ஸா ஹொரைசன் 5’ என்ற கார்ப் பந்தய விளையாட்டு, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் கன்சோலில் விநாடிக்கு 30 படம், 60 படம் என்று இரண்டு வகையில் ஓடும். 30இல் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 33 மில்லி விநாடி. திரைக்கு எவ்வளவு செலவழித்தாலும் அந்த இடைவெளியைக் குறைக்க முடியாது. ஆகவே ஆங்கிலத்தின் குழப்பத்தையும் சேர்த்து இறக்குமதி செய்ய வேண்டிய கட்டாயம் நமக்கு என்ன? திரையால் ஆவது ‘திரைத் தாமதம்’. எல்லாம் சேர்ந்தது ‘மொத்தத் தாமதம்’. கேட்டதும் புரிகிறது, எண்ணையும் சுமக்கிறது.

இந்த இடத்தில் தனித்தமிழ் அன்பர்கள் கையை உயர்த்துவார்கள். தாமதம் வடசொல், ‘தாமச’ குணத்தோடு உறவுடையது என்பார்கள். உண்மைதான். அவர்கள் முன்வைக்கும் மாற்று ‘சுணக்கம்’. அழகான சொல், எனக்கும் பிடிக்கும். ஆனால் ‘பணிகளில் சுணக்கம்’ என்றால் வேலை தொய்ந்து கிடக்கிறது என்று பொருள்; அதில் ஒரு சோம்பலும் ஏற்ற இறக்கமும் இருக்கின்றன. பத்துக் கார்கள் ஒரே வளைவில் மோதும்போது கன்சோல் திணறி, படம் விட்டு விட்டு ஓடுகிறதே, அதற்குச் சுணக்கம் என்று பெயர் வைத்தால் அளவெடுத்துத் தைத்தது போல இருக்கும். மாறாமல் நிற்கும் 12 மில்லி விநாடிக்கு அது பொருந்தவில்லை. இன்னும் பழைய சொல் வேண்டுமென்றால் குறளிலேயே இருக்கிறது: ‘அத்துணிவு தாழ்ச்சியுள் தங்குதல் தீது’. அங்கே தாழ்ச்சி என்றால் காலம் நீட்டிப்பதுதான். ஆனால் இன்றைக்குத் ‘திரைத் தாழ்ச்சி’ என்று எழுதினால், மேசையில் திரையைச் சற்று உயர்த்தி வைப்பார்கள். அதே குறளில் ‘சூழ்ச்சி’ என்பது நல்ல ஆலோசனையைக் குறிக்கிறது. இன்று அப்படி எழுதிப் பாருங்கள். இறந்த பொருளைத் தோண்டியெடுத்துத் தொழில்நுட்பத்துக்கு மாலையிடுவதில் எனக்கு ஈடுபாடு இல்லை. தாமதம் நம் வீட்டுச் சொல் ஆகி நெடுங்காலம் ஆயிற்று.

பின்னடைவைவிட அதிகப் பணத்தைக் கரைப்பது இன்னொரு மொழிபெயர்ப்பு: ‘மறுமொழி நேரம்’. மானிட்டர் பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும் ‘1 மில்லி விநாடி’ இதுதான். திரையின் புள்ளி ஒன்று சாம்பல் நிறத்தின் ஓர் அளவிலிருந்து இன்னோர் அளவுக்கு மாற எடுக்கும் நேரம் அது. பொத்தானுக்குத் திரை சொல்லும் மறுமொழி அல்ல. ஆனால் ‘மறுமொழி’ என்று படித்தவர் வேறு எப்படிப் புரிந்துகொள்வார்? அழுத்தியதும் ஒரே மில்லி விநாடியில் படம் வந்துவிடும் என்று நம்பி வாங்குகிறார். ‘நிறமாற்ற நேரம்’ என்று எழுதியிருந்தால் இந்த ஏமாற்றம் இல்லை. அந்த 1 என்ற எண்ணும் பெரும்பாலும் திரையை அதன் எல்லைவரை முடுக்கிவிட்டு எடுத்தது. அந்த அமைப்பில் ஓட்டினால் காரின் விளிம்பில் வெளிறிய நிழல் ஒட்டிக்கொண்டு வரும். நிறமாற்றம் மெதுவாக இருந்தால் என்ன ஆகும் என்பதை விலை குறைந்த வி.ஏ. வகைத் திரைகளில் பார்க்கலாம்: கறுப்பு நன்றாகக் கறுப்பாக இருக்கும், ஆனால் இரவுப் பந்தயத்திலும் சுரங்கப் பாதையிலும் இருண்ட பகுதிகள் மையைத் தேய்த்ததுபோல் இழுபடும். ஐ.பி.எஸ். வகையில் இழுபடல் குறைவு, கறுப்பு சற்றுச் சாம்பலாகத் தெரியும். இரவில் அதிகம் ஓட்டாதவர் எதை வாங்கினாலும் பெரிய குறை இல்லை.

மொழிபெயர்ப்பாளர்களைக் குறை சொல்லத் தொடங்கினால் நிறுத்துவது கடினம், இருந்தாலும் இதைச் சொல்லாமல் விட முடியாது. டி.வி.யில் ‘கேம் மோட்’ என்று ஒன்று உண்டு. மெருகேற்றும் வேலைகளை நிறுத்தித் திரைத் தாமதத்தைக் குறைக்கும். ‘ஸ்போர்ட்ஸ் மோட்’ என்று இன்னொன்று உண்டு. கிரிக்கெட்டும் கால்பந்தும் பார்க்க. அது பெரும்பாலும் அசைவை வழவழப்பாக்கும் வேலையைக் கூட்டும். இரண்டு படங்களுக்கு நடுவே புதிதாக ஒரு படத்தைச் செய்து செருக வேண்டுமானால், அடுத்த படம் வரும்வரை டி.வி. காத்திருந்தே ஆக வேண்டும். அந்தக் காத்திருப்பு தாமதத்தில் சேரும். ஒன்றுக்கொன்று நேர் எதிரான இந்த இரண்டையும் ‘விளையாட்டு முறை’ என்றே எழுதினால் பயனாளர் எதைத் தேர்ந்தெடுப்பார்? கன்சோல் பிடித்துப் பார்த்த ஒருவரிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தீர்ந்திருக்கும் சிக்கல். முதலாவதைக் ‘கேம் மோட்’ என்றே விட்டுவிடலாம், தமிழ் கெட்டுவிடாது. இல்லையேல் ‘விரைவு முறை’ என்று அதன் வேலையைச் சொல்லலாம்.

திரை விநாடிக்கு எத்தனை முறை படத்தைப் புதிதாக வரைகிறது என்பதைச் சொல்லும் ‘புதுப்பிப்பு வீதம்’ பற்றி எனக்கு வழக்கு இல்லை, விற்பவர்கள் அதை வைத்துச் செய்யும் வித்தைதான் பிடிக்கவில்லை. பிளே ஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் கன்சோல்கள் அனுப்புவது அதிகபட்சம் 120 ஹெர்ட்ஸ். 165, 180 என்ற எண்களுக்காகக் கூடுதலாகத் தரும் பணத்தால் கன்சோலுக்குப் பயன் இல்லை. அந்த எண்களும் பல மானிட்டர்களில் கணினிகளுக்கான டிஸ்பிளே போர்ட் துளை வழியாக மட்டுமே கிடைக்கும். கன்சோலில் அந்தத் துளையே கிடையாது. கன்சோல் படம் அனுப்பும் வேகத்துக்கேற்ப மாறுகிற புதுப்பிப்பு வீதத்தைப் பிளே ஸ்டேஷன் 5 எச்.டி.எம்.ஐ. 2.1 தரத் துளை வழியாக மட்டுமே ஏற்கும். எக்ஸ்பாக்ஸ், அதே வேலையைச் செய்யும் ‘ஃப்ரீசிங்க்’ வசதியுள்ள பழைய வகைத் துளையோடும் ஒத்துப்போகும். 1440 வரிசைத் திரையைப் பிளே ஸ்டேஷன் 5 முறையாக ஏற்கத் தொடங்கியது 2022 செப்டம்பரில். அதற்கு முந்தைய விமர்சனங்களை இதற்காக நம்ப வேண்டாம். பெட்டியில் ‘2.1’ என்று இருப்பதும் போதாது. அந்தத் தரத்தின் வசதிகள் எல்லாம் கட்டாயமானவை அல்ல, எந்த வசதி இருக்கிறது என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

ஒரு நல்ல விற்பனைக் குறிப்பு இப்படி இருக்கலாம்: ‘திரைத் தாமதம் 60 ஹெர்ட்ஸில் 11 மில்லி விநாடி, 120இல் 6, நிறமாற்ற நேரம் இருண்ட பகுதிகளில் சற்று அதிகம், எச்.டி.எம்.ஐ. வழியாக 120 ஹெர்ட்ஸ் கிடைக்கும்.’ மூன்றே கூறுகள், ஒன்றில்கூடப் பின்னடைவு இல்லை. பெரும்பாலான நிறுவனங்கள் இதில் முதல் எண்ணை வெளியிடுவதே இல்லை, அளந்து பார்க்கும் விமர்சகரிடம்தான் தேட வேண்டியிருக்கிறது. அப்படித் தேடும்போது தமிழில் ‘உள்ளீட்டுப் பின்னடைவு’ என்று தட்டச்சு செய்யாதீர்கள். விற்பனைக் குறிப்புகள்தான் வந்து நிற்கும்.