படகில் ஏறுமுன் கரையில் நிற்கும்போதே

திற்பரப்பு அருவிக்கு மேலே தடுப்பணையில் தேங்கி நிற்கும் தண்ணீரைப் பார்த்தால் யாருக்கும் பயம் வராது. கடலுக்குப் பயப்படத் தெரிந்தவர்கள் நாம், முட்டம் பாறையில் நின்று ஒரு பெரிய அலை வந்தாலே நாலடி பின்வாங்குவோம். ஆனால் மலையடிவாரத்துத் தண்ணீர் என்றால் மட்டும் அலட்சியம் தானாக வந்துவிடுகிறது. குமரி மேற்கில் ஒரு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறேன், லீவு நாள் சாயங்காலங்களில் இந்த அலட்சியத்தின் விளைவு எங்கள் வாசலுக்குத்தான் வருகிறது.

முதலில் லைஃப் ஜாக்கெட். பெரும்பாலோர் போடத்தான் செய்கிறார்கள், ஆனால் புழுக்கம் என்று பக்கிளைக் கழற்றிவிட்டு ஏதோ கோட்டு போல மாட்டிக்கொண்டு செல்ஃபி எடுக்கிறார்கள். படகு கவிழ்ந்தால் ஜாக்கெட் மிதக்கும், அதற்குள்ளிருந்து ஆள் கீழே நழுவிவிடுவார். போட்டதும் இன்னொருவரை இரண்டு தோள்பட்டைப் பட்டையையும் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் காது வரை ஏறினால் அது உங்கள் அளவு இல்லை, அல்லது வாரை இறுக்கவில்லை. பிள்ளைகளுக்குக் கால் இடுக்கு வழியாக வரும் வாரும் இருக்க வேண்டும். பெரியவர் ஜாக்கெட்டில் சின்னப் பிள்ளையை உட்கார வைத்தால் தண்ணீரில் விழுந்ததும் அதுவே முகத்தை மூடிவிடும். சரியான அளவு இல்லை என்றால் அன்றைக்குப் பிள்ளை கரையில் இருக்கட்டும், அழுதாலும் பரவாயில்லை.

அப்புறம் தடுப்பணை. அணை சின்னதுதானே, நாலடி உயரம்தானே என்று அதன் பக்கத்தில் துடுப்புப் போடாதீர்கள். மேலே வழிந்து விழுகிற தண்ணீர் அடியில் போய் அப்படியே சுருண்டு மறுபடி அணைச்சுவரை நோக்கித் திரும்பும். அதில் மாட்டியவரை அது வெளியே விடாது, மீண்டும் மீண்டும் உள்ளே இழுக்கும். தண்ணீர் முழுக்கக் காற்றுக்குமிழியாக இருப்பதால் நீச்சலும் எடுபடாது. ஒருவர் மாட்டினால் காப்பாற்றக் குதிக்கிற அடுத்தவரும் மாட்டுவார். கயிறு, கம்பு, ஒன்றும் இல்லாவிட்டால் முடிச்சுப்போட்ட வேட்டி, எதையாவது கரையிலிருந்தே எறியுங்கள்.

நமக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு. கீழே குலசேகரத்தில் வெயில் அடிக்கும், மேலே மலையில் கொட்டித் தீர்க்கும். பேச்சிப்பாறை அணையின் முழு நீர்மட்டம் 48 அடி, அது நிரம்பி வரும்போது உபரி நீரைக் கோதையாற்றில் திறந்துவிடுவார்கள், அந்தத் தண்ணீர் திற்பரப்பு வழியாகத்தான் போகும். மறுகால் திறப்பு பற்றி அறிவிப்பு வந்திருக்கிறதா என்று கிளம்புமுன் பார்த்துவிடுங்கள். தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ உடனே கரையேறுங்கள். மலைவெள்ளம் வருகிறது என்று அர்த்தம். ஓடுகிற ஆற்றில் விழுந்துவிட்டால் எழுந்து நிற்கப் பார்க்காதீர்கள், பாறை இடுக்கில் கால் சிக்கினால் ஓட்டமே தலையை அமுக்கிவிடும். மல்லாந்து, காலை ஓட்டத்தின் திசையில் நீட்டி மிதந்து, ஓரமாக ஒதுங்கப் பாருங்கள்.

இனி நான் அதிகம் சொல்ல நினைப்பது. தண்ணீரிலிருந்து தூக்கிய ஆளைத் தலைகீழாகப் பிடிப்பதும் வயிற்றை அமுக்குவதும் நம்மூரில் இன்றும் நடக்கிறது. ஒரு காலேஜ் பையனை ஜீப்பில் கொண்டுவந்தார்கள். அவன் மாமா வழி முழுக்க வயிற்றை அமுக்கிக்கொண்டே வந்தார், இறங்கும்போதும் கையை எடுக்கவில்லை. பாசம்தான், குறை சொல்ல வாய் வரவில்லை. ஆனால் மூச்சுக்குழாயில் டியூப் போட வாயைத் திறந்தால் தொண்டையெல்லாம் மத்தியானம் தின்ற சோற்றுப் பருக்கை. வயிற்றில் கிடந்தது மேலே ஏறி நுரையீரலுக்குள் இறங்கியிருந்தது. பிழைத்துக்கொண்டான், ஆனால் நிமோனியா வந்து வென்டிலேட்டரில் கிடந்த பிறகு.

வயிற்றில் இருக்கும் தண்ணீர் ஆளைக் கொல்வதில்லை, ஆக்சிஜன் இல்லாததுதான் கொல்கிறது. மாரடைப்பில் விழுந்தவரின் ரத்தத்தில் ஆக்சிஜன் மிச்சம் இருக்கும், அதனால் நெஞ்சை அமுக்கினால் மட்டுமே கொஞ்ச நேரம் தாங்கும். மூழ்கியவரிடம் அந்த மிச்சம் இல்லை. அதனால் மூச்சு இல்லையென்றால் தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து முதலில் 5 முறை ஊதுங்கள். நெஞ்சு எழும்புகிறதா என்று பாருங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் 30 அமுக்கு, 2 ஊதல் என்று மாறி மாறி, நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகத்தில். நுரை வந்துகொண்டே இருக்கும், அதைத் துடைத்து நேரம் கழிக்க வேண்டாம். அதற்குள் இன்னொருவர் 108-க்கு அழைக்கட்டும். மூச்சு நின்ற சில நிமிடங்களிலேயே மூளை கெடத் தொடங்கிவிடும், மலையிலிருந்து ஆம்புலன்ஸ் எங்களிடம் வர அதைப்போல் பல மடங்கு நேரம் ஆகும்.

வலிப்பு உள்ளவர்கள் மாத்திரை போட்டாலும் தனியாகப் படகில் போக வேண்டாம். குடித்தவர் ஏறவே கூடாது, இதில் பேச்சுக்கே இடமில்லை.

தண்ணீர் குடித்துத் தப்பித்த பிள்ளைக்கு ஏழு நாள் கழித்து ஆபத்து என்றெல்லாம் வாட்ஸாப்பில் சுற்றுகிறது, அதை நம்பிப் பயப்படாதீர்கள். பார்க்க வேண்டியது அடுத்த எட்டு மணி நேரத்தைத்தான். இருமல் நிற்கவில்லை, மூச்சு வாங்குகிறது, வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிகிறது என்றால் விடியட்டும் என்று காத்திராமல் அந்த ராத்திரியே தூக்கிக்கொண்டு வாருங்கள்.