பேனா பிடிக்கும் விரலை விட்டுவிடுங்கள்

போன வாரம் என்னிடம் கையெழுத்துச் சோதனைக்கு வந்த மாணவனுக்கு இருபது வயது. நான்கு கோடு போட்ட நோட்டு மூன்றைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தான். மூன்றும் கடைசிப் பக்கம் வரை நிரம்பியிருந்தன. "தினமும் ஒரு மணி நேரம் எழுத வைக்கிறேன் மேடம். அப்பவும் பரீட்சையில கடைசி ரெண்டு கேள்வியை விட்டுட்டு வர்றான்" என்றார் அப்பா. எழுத்து அச்சடித்தது போல இருந்தது. ஒரு தாளைத் திருப்பிப் பின்புறத்தை விரலால் தடவினேன். எழுத்துகள் எல்லாம் மேடு மேடாகத் தட்டுப்பட்டன. அவ்வளவு அழுத்தம்.

ஒரே மாதத்தில் இப்படி வந்த நான்காவது ஆள் இவன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பார்த்து எழுத வேண்டாம், தோன்றுவதைப் பத்து நிமிடம் நிறுத்தாமல் எழுது என்றேன். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கோடு போட்டுக்கொண்டே வந்தேன். ஆறாவது நிமிடத்தில் பேனாவை வைத்துவிட்டுக் கையை உதறினான். கடைசி இரண்டு நிமிடத்தில் எழுதியது, முதல் இரண்டு நிமிடத்தில் எழுதியதில் பாதிகூட இல்லை. கை களைத்துப்போகிறது, அவ்வளவுதான். அதற்கு நான்கு கோடு நோட்டு என்ன செய்யும்? அழகு வேறு, வேகம் வேறு. 17 முதல் 25 வயதினருக்காக 2010இல் வந்த, கையெழுத்து வேகத்தை அளக்கும் 'டாஷ் 17+' சோதனையில்கூட அழகாகப் பார்த்தெழுதுவதும் வேகமாகப் பார்த்தெழுதுவதும் தனித்தனிப் பகுதிகள்தான்.

"பேனாவையே தப்பாத்தான் பிடிக்கிறான்" என்று அப்பா மூன்று முறை சொன்னார். கேட்டுக் கேட்டு அலுத்துப்போன பேச்சு இது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல் இரண்டாலும் பிடித்து நடுவிரலில் சாய்ப்பது மட்டும்தான் சரியான பிடி என்று நினைக்கிறார்கள். நான்கு விரலால் பிடிப்பவர்கள் உண்டு. கட்டைவிரலை ஆள்காட்டி விரலின் மேல் குறுக்காகப் போடுபவர்களும் உண்டு. பள்ளிப் பிள்ளைகளிடம் இந்தப் பிடிகளை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில், வேகத்திலோ தெளிவிலோ சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. பத்துப் பதினைந்து வருடம் பழகிய பிடியை இருபது வயதில் மாற்றினால் இருக்கிற வேகமும் போய்விடும். வலி இல்லாத பிடியை எங்கள் துறையில் பெரும்பாலும் தொடவே மாட்டோம். தயவுசெய்து நீங்களும் தொடாதீர்கள்.

சரி, என்ன செய்யலாம்? அழுத்தாமலே மை இறங்கும் ஜெல் பேனா வாங்குங்கள். முழங்கை மேசைமேல் இருக்கட்டும், தாளைக் கொஞ்சம் சாய்த்து வையுங்கள். ஆண்டு முழுக்க லேப்டாப்பில் தட்டிவிட்டுத் தேர்வன்று மூன்று மணி நேரம் எழுது என்றால் எந்தக் கை எழுதும்? தேர்வுக்கு ஆறேழு வாரம் முன்பே தொடங்குங்கள். முதலில் பத்து நிமிடம், அப்புறம் இருபது, அப்புறம் நாற்பது என்று கூட்டுங்கள். பழைய வினாத்தாளை எடுத்துக்கொண்டு யோசித்து எழுத வேண்டும். பார்த்து எழுதுவது கணக்கில் வராது. ஒவ்வொரு எழுத்தும் அழகாக வர வேண்டியதில்லை, திருத்துபவருக்குப் புரிந்தால் போதும்.

எழுதும்போது மட்டும் விரல்கள் முறுக்கிக்கொள்கின்றன, மற்ற வேலைகளில் கை சரியாக இருக்கிறது என்றால் பயிற்சியை நிறுத்திவிட்டு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். கூடுதலாக எழுதி அதைச் சரிசெய்ய முடியாது.

சிறு வயதிலிருந்தே எழுதத் திணறுகிற பிள்ளைகள் என்றால், கூடுதல் நேரமோ கணினியில் எழுதும் வசதியோ கிடைக்குமா என்று கல்லூரியில் கேளுங்கள். பருவம் தொடங்கியதுமே கேளுங்கள். அதற்கான சோதனை செய்யவும் அறிக்கை எழுதவும் எங்களுக்கு நாள் வேண்டும். தேர்வுக்கு முந்தைய வாரம் வந்து நின்றால் நான் எதுவும் செய்ய முடியாது.