லூட்: ஊதுபத்திக்கு உறவான சொல்

கடையில் ஊதுபத்தி கேட்கும்போது நாம் பாதி அரபு பேசுகிறோம். அரபியில் ஊத் என்றால் மரம், கட்டை. வாசனைக்காகப் புகைக்கும் அகில் கட்டைக்கும் அதே பெயர். அது உருது வழியாக வந்து பத்தியோடு ஒட்டிக்கொண்டது. வாயால் ஊதுவதற்கும் இதற்கும் தொடர்பில்லை. பற்றவைத்த கையோடு சுடரை ஊதி அணைப்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை, அவ்வளவுதான்.

அரபு நாடுகளில் மடியில் சாய்த்து மீட்டும் ஒரு நரம்புக் கருவியும் ஊத்தான். முதுகு பாதிப் பேரிக்காய் போல உப்பியிருக்கும், கழுத்து குட்டை. முந்தைய கருவிகளின் முகத்தில் தோல் போர்த்தியிருக்க, இதன் முகம் மரப்பலகை. ஆகவே 'மரம்' என்று பெயர் வந்தது என்பது பலரும் சொல்லும் விளக்கம். நரம்பைக் குறிக்கும் பாரசீக 'ரூத்' என்ற சொல்லே மூலம் என்பாரும் உண்டு.

அரபியர் ஆண்ட ஸ்பெயின் வழியாகக் கருவி ஐரோப்பாவுக்குள் போனபோது, பெயருக்கு முன்னால் நிற்கும் 'அல்' என்ற சுட்டும் (ஆங்கிலத்தின் 'the' போன்றது) கூடவே போனது. அல்-ஊத் போர்ச்சுக்கீசியத்தில் அலாவூதெ ஆனது. ஸ்பானியர் முதல் 'அ'வை விட்டு லாவூத் என்றார்கள். ஆங்கிலத்தில் லூட். அதாவது லூட்டின் தலையில் இருக்கும் 'ல்' அரபுச் சுட்டின் மிச்சம். பிரெஞ்சில் லூட் செய்பவருக்கு லூத்தியே என்று பெயர். லூட் வழக்கிழந்த பிறகும் அந்தப் பட்டம் போகவில்லை; வயலின், கித்தார் செய்பவரும் இன்று லூத்தியேதான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? சிலர் யாழ் என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு. யாழில் நரம்புகள் கோடு என்ற வளைந்த தண்டிலிருந்து, பத்தர் என்ற ஒலிப்பெட்டிக்கு இறங்கும். ஒரு நரம்புக்கு ஒரு சுரம். லூட்டில் கழுத்தின்மேல் நரம்பை விரலால் அழுத்தி, ஒரே நரம்பில் பல சுரங்களை எடுக்கிறோம். அப்படிப் பார்த்தால் நெருங்கிய சொந்தம் வீணை. இசைக்கருவி ஆய்வாளர்கள் ஹார்ன்போஸ்டலும் சாக்ஸும் 1914-இல் வெளியிட்ட கருவி வகைப்பாட்டில் சரஸ்வதி வீணை, சித்தார், வயலின் எல்லாமே 'லூட்' இனம்.

இதில் ஒரு வேடிக்கை. வீணை என்ற சொல்லே ஒரு காலத்தில் வில்போல் வளைந்த, யாழை ஒத்த கருவியைக் குறித்தது. சமுத்திரகுப்தர் தம் பொற்காசில் மீட்டுவது அப்படிப்பட்ட வீணையைத்தான். கருவி மாறியபோது வீணை என்ற பெயர் புதியதன்மேல் ஏறிப் பிழைத்துக்கொண்டது. யாழ் என்ற பெயர் தன் கருவியை விட்டு நகரவில்லை. அதனால் இனத்தைச் சொல்லும்போது 'வீணையினம்' என்றும், அந்த ஐரோப்பியக் கருவியை லூட் என்றும் எழுதுகிறேன். வலிந்து ஒரு புதுச்சொல் கட்ட வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை.

பெயர் இருக்கட்டும். லூட் பழையதானால் நாதம் கூடும் என்று சொல்வார்கள்; சிக்கல் அந்தப் 'பழைய லூட்' என்னும்போதுதான் தொடங்குகிறது. இத்தாலியின் போலோன்யா நகரில் லூட் செய்த லாவ்க்ஸ் மாலர் 1552-இல் இறந்தபோது அவர் பட்டறையில் சுமார் 1,100 லூட்டுகள் இருந்தன. நூறாண்டு கழிந்ததும் அவற்றுக்குப் பெரிய கிராக்கி. பரிதாபமாக அடிபட்டு விரிசல் விட்ட இரண்டு மாலர் லூட்டுகளை ஒவ்வொன்றும் 100 பவுண்டுக்கு மதித்ததைப் பார்த்ததாக, கேம்பிரிட்ஜ் பாடகர் தாமஸ் மேஸ் 1676-இல் எழுதினார்.

ஆனால் மாலர் காலத்து லூட்டில் ஆறு வரிசை நரம்புகள்தான். பதினேழாம் நூற்றாண்டு இசைக்குப் பத்து, பதினொன்று வேண்டும். எனவே பழைய கருவியை வாங்கி, அகலமான புதுக் கழுத்து மாட்டினார்கள். முகப்பலகைக்கு அடியில் குறுக்குச் சட்டங்களை மாற்றினார்கள். பல நேரம் பலகையே புதிது. மாலர் கையால் ஆனது என்று மிஞ்சியது உப்பிய முதுகுக்கூடு மட்டும்.

அந்த முகப்பலகை ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரம், கனம் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர். நரம்புகளைக் கட்டும் குதிரை அதன் மேலேயே ஒட்டியிருக்கிறது. இரவும் பகலும் நரம்புகள் இழுத்தால் குதிரைக்கு முன்பக்கம் பலகை அமிழும், பின்பக்கம் எழும்பும். அதிர்ஷ்டம் இல்லாவிட்டால் ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை பலகையைக் கழற்றிச் சரிசெய்ய நேரும் என்கிறார் மேஸ்.

மரம் முதிர்ந்தால் நாதம் கூடும் என்பது முழுப் பொய்யும் இல்லை. காலப்போக்கில் மரத்திலுள்ள ஹெமிசெல்லுலோஸ் என்ற பொருள் சிதைகிறது. மரம் ஈரத்தைக் குறைவாக உறிஞ்சும், சற்று இலேசாகும், அதிர்வு மெதுவாக அடங்கும். ஆனால் இது மரத்தின் வயது. நன்றாக உலர்ந்த பழைய மரத்தில் நேற்று செய்த கருவிக்கும் இதில் பங்கு கிடைக்கும். வயலினில் சோதித்தும் பார்த்தார்கள்: 2012-இல் பாரிஸ் அருகே 10 தனிக்கச்சேரிக் கலைஞர்களிடம் அடையாளம் தெரியாதபடி, புகழ்பெற்ற இத்தாலிய வயலின் கலைஞர் ஸ்ட்ராடிவாரி செய்தவை உள்ளிட்ட பழையவற்றையும் புதியவற்றையும் கொடுத்தபோது, எது பழையது என்பதை அவர்களால் குத்துமதிப்பைத் தாண்டிச் சொல்ல முடியவில்லை. லூட்டின் பலகை வயலின் பலகையைவிட மெல்லியது, சீக்கிரம் களைத்துவிடும். என் கணிப்பில், பழைய கூட்டுக்குப் பெருமை தரலாம். பழைய பலகையை நம்பிப் பணம் கொடுக்கக் கூடாது. நன்றாக ஒலிக்காதவற்றை அந்தக் காலத்திலேயே எறிந்திருப்பார்கள் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

அந்த வயதுவரை கருவியைக் காப்பாற்ற மேஸ் சொன்ன வழி: பகலில் வாசிக்காத நேரம், தினமும் ஆள் படுக்கும் கட்டிலில், கம்பளிக்கும் மேல்விரிப்புக்கும் நடுவே வைத்துவிடுங்கள். உள்விரிப்புக்குள் வேண்டாம், ஈரமிருக்கும். அப்புறம், லூட் உள்ளே இருப்பது தெரியாமல் யாரும் கட்டிலில் பொத்தென்று விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நல்ல லூட்டுகள் பல அப்படியே போயிருக்கின்றனவாம்.