பள்ளக்காணி சும்மா கிடக்கவில்லை

மார்கழி மழை மூன்று நாள் விடாமல் அடித்தால் என் கைபேசி ஓயாது. இந்த முறை முதலில் அழைத்தவர் ஓர் ஐயா. மகளுக்குக் கட்டிக்கொடுத்த வீட்டின் குசினிக்குள் முழங்கால் தண்ணீராம். "புள்ள, ஆரிட்டயாவது சொல்லி முகத்துவாரத்த வெட்டச் சொல்லுங்க" என்றார். மட்டக்களப்பு வாவி கடலில் கலக்கிற வாய்தான் முகத்துவாரம்; மணல் அடைத்திருந்தால் அதை வெட்டித்தான் வெள்ளத்தைக் கடலுக்கு விட வேண்டும்.

அந்தப் பள்ளக்காணியை வாங்க முன் என்னிடம் கேட்டவர் அவர். வேண்டாம் ஐயா என்றேன். வாங்கினார். டிப்பர் டிப்பராகக் கிறவல் கொட்டி மதிலும் கட்டினார். இப்போது கோபமெல்லாம் முகத்துவாரத்தின் மேல். ஈரநிலங்களை அளப்பதும் அறிக்கை எழுதுவதும்தான் என் தொழில். ஒரே கதையை வேறு வேறு குரலில் கேட்டுச் சலித்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

"சும்மா கிடக்கிற காணி" என்ற பேச்சைத்தான் என்னால் தாங்க முடிவதில்லை. பன்புல்லும் கிண்ணை மரமும் முளைத்து, கோடையில் வெடித்து, மாரியில் முழங்காலளவு நிறைகிற பள்ளம் சும்மா கிடப்பதாக யார் சொன்னது? கணக்குப் பாருங்கள். 20 பேர்ச் காணியில் ஓரடி தண்ணீர் நின்றால் அது ஒன்றரை இலட்சம் லீட்டருக்கு மேல். வீட்டுக்கு மேலே வைக்கிற 1000 லீட்டர் கறுப்புத் தாங்கியில் 150க்கும் அதிகம். கிறவல் கொட்டிய அன்றைக்கு அந்தத் தாங்கி அத்தனையையும் பக்கத்து வளவுக்குள் தள்ளிவிடுகிறீர்கள். பெய்கிற மழை அதேதான், இருக்கிற இடம்தான் குறைந்தது.

"பத்து வருசமா இங்க வெள்ளம் வரல்ல" என்பார்கள். வரவில்லைதான். அந்தப் பத்து வருடமும் கீழேயிருந்த பள்ளம் வாங்கிக்கொண்டது. பிறகு அதையும் ஒருவர் நிரப்பினார். பாலமீன்மடு, நாவற்குடா, புளியந்தீவு, கல்லாறு என்று மடுவும் குடாவும் தீவும் ஆறுமாகப் பெயர் வைத்துவிட்டுப் போன முன்னோருக்கு, தண்ணீர் எங்கே படுக்கும் என்பது தெரிந்திருந்தது.

பள்ளம் வெள்ளத்தை வாங்கிக்கொள்வதுபோல் இயற்கை நமக்குச் செய்து தருவதை எங்கள் துறையில் சூழல்தொகுதிச் சேவை என்போம். எனக்கே அந்தச் சொல் பிடிக்காது. கந்தோரில் யாரோ உட்கார்ந்து செய்து தருவது போல் இருக்கிறது. 2005இல் வெளிவந்த, ஐ.நா. முன்னெடுத்த புத்தாயிரமாண்டுச் சூழல்தொகுதி மதிப்பீடு உலகளவில் இப்படியான 24 சேவைகளைப் பார்த்தது. 15 சீரழிந்துகொண்டிருந்தன. கூடியவை 4 மட்டுமே, அவற்றில் 3 பயிர், கால்நடை, நீர்வாழ் உயிரின வளர்ப்பு. சந்தையில் விலை உள்ளதைப் பெருக்கினோம். வெள்ளம் தாங்குவதற்கு யாரும் பில் போடுவதில்லை, அதனால் அது கண்ணில் படவில்லை.

ஆசையால்தான் நிரப்புகிறார்கள் என்று சொல்ல மாட்டேன். எங்கள் பக்கத்து வழக்கம் தெரியும்தானே. பெண்பிள்ளைக்கு வீடு கொடுக்க வேண்டும். மூன்று குமர் என்றால் மூன்று வீடு. கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கிற எழுவான்கரை மணல் ஒடுங்கியது, அது அகலப்போவதில்லை. தாய் வளவைப் பிரித்து முடிந்ததும் வாவிப் பக்கம்தான் இறங்க வேண்டும். கல்யாணப் பேச்சில் தொடங்குகிற வெள்ளத்துக்கு வடிகால் மட்டும் வெட்டி என்ன செய்வது?

இன்னொன்றும் மாறிவிட்டது. முன்பு கிணறு உவர்த்தால் அன்றே வாயில் தெரியும். இப்போது மட்டக்களப்பு நகரத்துக் குழாயில் வருவது வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் உள்ள உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர். கிணற்றை எட்டிப் பார்ப்பவர் குறைவு. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தோமே, அளவு மீறி இறைத்த இடங்களில் அடியிலிருந்து உப்புத்தான் மேலே ஏறியது. கடைசியில் கழுவித் தந்தது மணலுக்குள் இறங்கிய மழை. அந்த மணலின் மேல்தான் இப்போது கேற்றிலிருந்து கிணற்றடி வரை கொங்கிறீற் போடுகிறோம்.

சரி, முகத்துவாரத்துக்கு வருவோம். அது குழாய் இல்லை, நினைத்தவுடன் திறந்து மூட. நேரத்தோடு வெட்டினால் வாவியில் இறால் பிடிக்கிறவர் வயிற்றிலடி, பிந்தினால் பள்ள வயல்காரருக்கு நட்டம். ஒரே தண்ணீர் ஒருவருக்குச் சோறு, மற்றவருக்கு அழிவு. இவர்களுக்கு நடுவில் மூன்றாவது ஆளாக, வாவிக்குள் மண் கொட்டிக் குடியேறியவரும் வந்து நிற்கிறார்.

"ஈரநிலத்த அழிச்சா என்ன, கண்டல் நடலாம்தானே?" என்று, உவர்நீர்க் கரையில் வளர்கிற அந்த மரத்தைச் சொல்லிக் கேட்கிறவர்களுக்கு ஒரு தகவல். இலங்கையில் கண்டல் நட்ட 23 திட்ட இடங்களைப் பார்த்து 2017இல் வெளியான ஆய்வில், 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சியிருக்கவில்லை. படம் எடுத்தவர்கள் போய்விட்டார்கள், கன்றுகளும் போய்விட்டன.

காணி வாங்குகிறவர்களே, கோடையில் போய்ப் பார்க்காதீர்கள். கார்த்திகை, மார்கழியில் மழை நாளில் போய் நில்லுங்கள். காணி உறுதிப் பத்திரத்தை மட்டும் பார்க்காமல் அயலில் ஒரு வயதானவரிடம் 2011 ஜனவரி வெள்ளம் எதுவரை வந்தது என்று கேளுங்கள், சுவரில் கை வைத்துக் காட்டுவார். வயல் என்று பதிந்த காணியைக் கமநல ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் நிரப்பினால் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். புரோக்கர் இதைச் சொல்லமாட்டார். ஏற்கெனவே குடியிருக்கிறீர்களா? மதிலின் அடியில் தண்ணீர் போக வழி விடுங்கள். முற்றத்தில் பாதியையாவது மணலாக விடுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். மகளுக்கு மாடி கட்டிக்கொடுங்கள், அதுவும் வீடுதான்.

வெள்ளம் வடிந்த பிறகு ஐயா மறுபடியும் எடுத்தார். வளவை இன்னும் ஓரடி உயர்த்த நாலு டிப்பருக்குச் சொல்லிவிட்டாராம். அன்று பின்னேரமே அவருடைய பக்கத்து வீட்டுக்காரரும் எனக்கு அழைத்தார்.