கமிட் மெசேஜிலிருந்து வெர்ஷன் எண் பிறப்பது எப்படி?

"பிழையைத் திருத்தினேன், டெஸ்ட் எல்லாம் பாஸ், மெயின் கிளையில் சேர்த்தும் ஆயிற்று. ஆனால் புதிய வெர்ஷன் வரவே இல்லை. சீனியரிடம் கேட்டால், 'ஃபிக்ஸ் என்று போடுவதற்குப் பதில் ஃபிக்ஸ்டு என்று போட்டிருக்கிறாய்' என்கிறார். ஒரு வார்த்தைக்கா இவ்வளவு?" என்று கேட்டிருக்கிறார் வேலையில் புதிதாகச் சேர்ந்த ஒரு வாசகர்.

ஆமாம், ஒரு வார்த்தைக்குத்தான். அவருடைய நிறுவனத்தில் வெர்ஷன் எண்ணை எந்த மனிதரும் முடிவு செய்வதில்லை. கமிட் மெசேஜ்களை வாசித்துக் கணக்குப் போடும் ஒரு நிரல் முடிவு செய்கிறது.

கிட் என்பது நிரலின் மாற்றங்களை வரலாறாகச் சேமிக்கும் கருவி; அதில் ஒவ்வொரு பதிவும் ஒரு கமிட், அதோடு எழுதும் குறிப்பே கமிட் மெசேஜ். வெர்ஷன் எண்ணைப் பற்றி மட்டும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1.4.2 என்பதில் உள்ள மூன்றும் தனித்தனி முழு எண்கள், தசமப் புள்ளிக்கு அங்கே வேலையில்லை. அதனால் 1.9-க்கு அடுத்து 1.10 வரும். பிழை திருத்தினால் கடைசி எண் கூடும். பழையதைக் கெடுக்காமல் புது வசதி சேர்த்தால் நடு எண் கூடும். பழைய பயனரின் நிரல் உடையும்படி எதையாவது மாற்றினால் முதல் எண் கூடும். ஓர் எண் கூடினால் அதற்கு வலப்பக்கம் இருப்பதெல்லாம் சைபராகிவிடும். செமான்டிக் வெர்ஷனிங் என்ற இந்த விதிகளை வகுத்தவர் கிட்ஹப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான டாம் பிரெஸ்டன்-வெர்னர். இப்போது புழக்கத்தில் இருக்கும் 2.0.0 பதிப்பு 2013-இல் வந்தது.

இதை மனிதர் கையில் விட்டால் என்ன? விட்டுப் பார்த்தாயிற்று. 2011-இல் லினக்ஸ் கெர்னல் 2.6.39-லிருந்து 3.0-க்குத் தாவியது. பெரிய மாற்றம் எதுவும் இல்லை, எண் நீண்டுகொண்டே போனது லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸுக்கு அலுத்துவிட்டது, அவ்வளவுதான். மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் 2007-இன் உள் எண் 12, அடுத்து வந்த ஆபீஸ் 2010-இன் உள் எண் 14. நடுவில் 13-ஐக் காணோம். கூட்டுத்தொகை எட்டு வரக் கூடாது என்று வண்டி நம்பருக்கு அலைகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிறோம், ஆனால் கம்ப்யூட்டர்காரர்களும் இதில் சளைத்தவர்கள் இல்லை. ராசியும் சலிப்பும் கலக்காத எண் வேண்டுமென்றால் அதை இயந்திரத்திடம் கொடுப்பதே நல்லது என்பது என் கட்சி.

சரி, இயந்திரம் எப்படி எண் வைக்கிறது? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

தொகைகளை 12,34,567 என்று நம் முறைப்படி காற்புள்ளி போட்டுக் காட்டும் ஒரு சின்ன லைப்ரரி (மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல்) இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடைசியாக வெளியானது 1.4.2. அந்த இடத்தில் கிட் வரலாற்றில் அந்த எண்ணோடு ஒரு டேக், அதாவது பெயர்ச்சீட்டு, குத்தப்பட்டிருக்கும். செமான்டிக்-ரிலீஸ் போன்ற கருவி ஓடத் தொடங்கியதும் முதலில் அந்த டேக்கைத் தேடுகிறது. பிறகு, டேக்குக்கு அப்புறம் சேர்ந்த கமிட்களின் மெசேஜ்களை மட்டும் திரட்டுகிறது. கோடில் ஒரு வரியைக்கூடத் திறந்து பார்ப்பதில்லை. இப்படி நான்கு மெசேஜ் கிடைக்கிறது:

டாக்ஸ்: ரீட்மீயில் எழுத்துப்பிழை
ஃபிக்ஸ்: சைபர் கொடுத்தால் வெற்றிடம் வருவதைச் சரிசெய்
ஃபீட்: பைசாவையும் சேர்த்துக் காட்டும் வசதி
ரீஃபாக்டர்: சுற்றுகளைச் சுருக்கு

ஒவ்வொரு மெசேஜின் முதல் வரியையும் ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்துகள் குறிப்பிட்ட வடிவத்தில் இருக்கின்றனவா என்று பார்க்கும் சூத்திரம்) மூன்றாகப் பிரிக்கிறது. கோலனுக்கு முன் இருக்கும் சொல் வகை. அதையொட்டிப் பிறை அடைப்புக்குள் ஏதாவது இருந்தால், அது கோடின் எந்தப் பகுதி என்பதைச் சொல்வது. கோலனுக்கும் ஒரு இடைவெளிக்கும் பிறகு வருவது விளக்கம். அந்த இடைவெளி விட்டுப்போனால்கூட வரி பொருந்தாது. ஆங்குலர்ஜேஎஸ் குழு தன் உபயோகத்துக்கு வைத்துக்கொண்ட இந்த வடிவத்தைத்தான் பின்னர் கன்வென்ஷனல் கமிட்ஸ் என்ற பெயரில் பொது விதியாக்கினார்கள்.

அடுத்து வகைக்கு ஏற்ற எடை. ஃபிக்ஸ் என்றால் பேட்ச், அதாவது கடைசி எண். ஃபீட் (ஃபீச்சர் என்பதன் சுருக்கம்) என்றால் மைனர், அதாவது நடு எண். டாக்ஸ் (விளக்க ஆவணம்), ரீஃபாக்டர் (வேலை மாறாமல் கோடைச் சீராக்குவது), டெஸ்ட் இவற்றுக்கு எடையே இல்லை. மெசேஜின் அடிக்குறிப்பில், ஆங்கிலப் பெரிய எழுத்தில், பிரேக்கிங் சேஞ்ச் என்று இருந்தால், வகை எதுவானாலும் அது மேஜர், அதாவது முதல் எண்.

எடைகளைக் கூட்டுவார்கள் என்றுதான் யாரும் நினைப்போம். கூட்டுவதில்லை, இருப்பதிலேயே பெரியதை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். நம் நான்கு கமிட்களில் பெரியது மைனர், ஆக அடுத்த வெர்ஷன் 1.5.0. ஒரு ஃபீட் இருந்தாலும் 1.5.0-தான், முப்பது ஃபீட் இருந்தாலும் 1.5.0-தான். எது முதலில் வந்தது என்பதும் முக்கியமில்லை. நான்கு கிளைகளில் நான்கு பேர் வேலை பார்த்து, எந்த வரிசையில் இணைத்தாலும் விடை மாறாது. யாரும் யாரையும் கலந்து பேசாமல், முந்தைய டேக்கும் நடுவில் உள்ள மெசேஜ்களும் போதும் என்று ஓர் எண் பிறக்கிறது. நாளை வேறொரு கணினியில் அதே வரலாற்றை வைத்து ஓட்டினாலும் அதே எண் கிடைக்கும்.

வாசகரின் சிக்கல் இப்போது விளங்கியிருக்கும். ஃபிக்ஸ்டு என்பதையும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் ஒரு வகையாக ஒழுங்காகப் பிரித்தெடுத்துவிட்டது. ஆனால் எடைப் பட்டியலில் அப்படி ஒரு வகை இல்லை. எடை இல்லாத கமிட்கள் மட்டுமே இருந்தால் வெளியிட ஒன்றுமில்லை என்று கருவி முடித்துக்கொள்கிறது. பிழைச் செய்திகூட வராது.

போய் மெசேஜைத் திருத்திவிடலாமே? பொதுக் கிளைக்குப் போய்விட்டால் கூடாது. கோப்புகளின் நிலை, முந்தைய கமிட், எழுதியவர், நேரம், மெசேஜ் எல்லாவற்றையும் சேர்த்து ஹாஷ் செய்துதான் (ஒரு கணக்கில் போட்டு மாறாத நீளமுள்ள குறியீடாக்கித்தான்) கமிட்டின் 40 எழுத்து அடையாளத்தைக் கிட் உண்டாக்குகிறது. மெசேஜில் ஓர் எழுத்து மாறினாலும் அடையாளம் மாறும். அதைத் தன் பெற்றோராகக் குறித்து வைத்திருக்கும் அடுத்த கமிட்டின் அடையாளமும் மாறும். அப்படியே கிளையின் நுனிவரை. அதைவிட, அலோ-எம்ப்டி ஆப்ஷனோடு, கோப்பு மாற்றமே இல்லாத ஒரு காலி கமிட்டைச் சரியான ஃபிக்ஸ் மெசேஜுடன் போட்டுவிடுவது சுலபம். வெர்ஷன் வந்துவிடும். இதே தவறு திரும்ப வராமலிருக்க கமிட்லின்ட் போன்ற ஒன்றை, கமிட் செய்யும்போது தானாக ஓடும் ஹூக்காக மாட்டிவிட்டால், வடிவம் தவறிய மெசேஜைக் கமிட் ஆகும்போதே திருப்பி அனுப்பிவிடும்.

பிறந்த எண் எங்கே போகிறது? இன்னொருவர் தன் பேக்கேஜ் கோப்பில் இந்த லைப்ரரிக்கு நேராக, கேரட் குறி (^) போட்டு 1.4.2 என்று எழுதியிருப்பார். 1.4.2 முதல் 2.0.0-க்கு முன்வரை எது வந்தாலும் சரி என்று அதற்கு அர்த்தம். இன்ன வெர்ஷன்தான் என்று பூட்டி வைக்கும் லாக் கோப்பு தடுக்காவிட்டால் அடுத்த இன்ஸ்டாலில் 1.5.0 அவர் கணினியில் இறங்கிவிடும், 2.0.0 இறங்காது. எங்கோ ஒருவர் கோலனுக்கு முன்னால் எழுதிய சொல்தான், முகம் தெரியாத இன்னொருவரின் பில்டில் எது நுழையலாம் என்பதைத் தீர்மானிக்கிறது.

அதனால் வகையைத் தேர்ந்தெடுக்கும்போது, நாம் எவ்வளவு உழைத்தோம் என்பதை மறந்துவிட வேண்டும். ஆயிரம் வரியை மாற்றி எழுதியும் பயனருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது என்றால் அது ரீஃபாக்டர், வெர்ஷன் நகராது. கழித்தல் குறியோடு வந்துகொண்டிருந்த நஷ்டத் தொகையை இனி அடைப்புக்குறிக்குள் காட்டுவோம் என்று இரண்டு எழுத்தை மாற்றினால் அது மேஜர். கழித்தல் குறியைத் தேடிச் சிவப்பு நிறம் கொடுக்கும் நிரல் எங்காவது ஓடிக்கொண்டிருக்கும்.

மனிதர் சொல்லை நம்பாமல் கோடையே பார்த்து முடிவெடுக்க முடியாதா? எல்ம் மொழியின் பேக்கேஜ் கருவி அதைத்தான் செய்கிறது. பழைய பதிப்பின் டைப்களையும் (எந்த வகைத் தரவை வாங்கி எந்த வகையைத் தருகிறது என்ற விவரம்) புதியதன் டைப்களையும் ஒப்பிட்டு, ஒரு ஃபங்ஷன் காணாமல் போயிருந்தால் மேஜர் எண் இல்லாமல் வெளியிட விடாது. அருமையான வேலை. ஆனால் மேலே சொன்ன அடைப்புக்குறி மாற்றத்தை அதனாலும் பிடிக்க முடியாது. ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்) கொடுத்த ஃபங்ஷன் இப்போதும் ஸ்ட்ரிங்தான் கொடுக்கிறது, டைப் மாறவில்லையே.

இதையெல்லாம் யோசித்து மெசேஜ் எழுதுபவர்களில் பலர் சம்பளம் இல்லாத தன்னார்வலர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2014-இல் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது, அந்த ஓட்டை இருந்த, இணையத்தின் பெரும்பகுதி தன் தகவல்களை மறைகுறியாக்க நம்பியிருந்த ஓபன்எஸ்எஸ்எல் திட்டத்துக்கு ஆண்டு நன்கொடை சுமார் 2,000 டாலர்தான் என்பது தெரியவந்தது. லைப்ரரியை இலவசமாக எடுத்துக்கொள்ளும் நிறுவனங்கள், 'சேஞ்ச்லாக் சரியில்லை' என்று இஷ்யூ போடுவதற்கு முன் கொஞ்சம் பணமும் போடலாம்.

கடைசியாக, ரிவ்யூ செய்பவர்களுக்கு ஒன்று. ஒரு கிளையின் கமிட்களை ஒன்றாகச் சுருக்கும் ஸ்குவாஷ் முறையில் இணைக்கும் குழுக்களில் பெரும்பாலும் புல் ரிக்வெஸ்ட்டின் (கிளையை இணைக்கச் சொல்லும் கோரிக்கையின்) தலைப்பே கமிட் மெசேஜாகிவிடும். நடுவில் 'ஐயோ', 'இன்னொரு முறை' என்று போட்ட கமிட்களைப் பற்றிக் கவலை வேண்டாம், தலைப்பைப் பாருங்கள். தலைப்பு ரீஃபாக்டர் என்கிறது, ஆனால் ஏற்கெனவே இருந்த ஒரு டெஸ்ட்டின் எதிர்பார்ப்பு விடை மாற்றப்பட்டிருக்கிறது என்றால், அப்ரூவ் பட்டனைத் தொடாமல், அந்த விடை ஏன் மாறியது என்று கேளுங்கள்.