வீட்டுக்கல்வி ஆண்டைத் தொடங்கும் முன் குழந்தையின் கையைப் பாருங்கள்

ஏப்ரல், மே மாதங்களில் அன்றாட வேலைகளுக்குக் கையையும் உடலையும் பழக்கும் எங்கள் ஆக்குபேஷனல் தெரபி அறைக்குப் புதுச்சேரியிலிருந்தும் கடலூரிலிருந்தும் வரும் பெற்றோரில், குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிக்க முடிவெடுத்தவர்களும் இருக்கிறார்கள். அந்த முடிவை நான் குறை கூறவில்லை; அதைப் பொறுப்போடு நிறைவேற்றும் குடும்பங்களை அறிவேன். ஆனால் புதிய ஆண்டுக்கான தயாரிப்பு என்று சிலர் செய்து வைத்திருப்பதைக் கேட்டால் மனம் பதறுகிறது. சுவரில் வெள்ளைப் பலகை, ஒன்பது மணிக்குத் தமிழ், பத்து மணிக்கு ஆங்கிலம் என்று ஓர் அட்டவணை, ஒரு கட்டு நான்கு கோடு நோட்டு, இணையத்திலிருந்து அச்சிட்ட பயிற்சித்தாள்கள். குழந்தைக்கு வயது நான்கு.

சென்ற வாரம் கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து நாலரை வயதுச் சிறுமி ஒருத்தியை, எழுதச் சோம்பல்படுகிறாள் என்று சொல்லி அழைத்து வந்தார்கள். அவளுடைய நோட்டின் தாளைத் திருப்பித் தடவிப் பார்த்தேன். எழுதிய 'அ' எல்லாம் மறுபக்கத்தில் புடைத்து நின்றன. பென்சிலை இறுகப் பிடித்ததில் நடுவிரலின் ஓரம் சிவந்திருந்தது. வீட்டில் சாப்பாட்டு மேசையில் அமர்ந்துதான் எழுதுகிறாளாம். இங்கும் பெரியவர்கள் நாற்காலியில் அமர்த்திப் பார்த்தபோது கால்கள் தரையைத் தொடாமல் தொங்கின. தாளைப் பிடிக்க வேண்டிய இடக்கை, உடல் சரியாமலிருக்க மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டிருந்தது. இதைச் சோம்பல் என்று சொல்லாதீர்கள். அந்தக் குழந்தை தன் சக்திக்கு மேல் உழைத்துக்கொண்டிருக்கிறது.

எழுதினால்தான் படிப்பு என்ற எண்ணம்தான் இத்தனைக்கும் வேர். "மேடம், எதிர்வீட்டுப் பையன் எல்.கே.ஜி.யிலேயே ஒரு பக்கம் எழுதுகிறான்" என்று சொல்லாத பெற்றோர் குறைவு. பார்த்து வரைவதில் குழந்தைகளுக்கு ஒரு வரிசை உண்டு: ஏறக்குறைய மூன்று வயதில் வட்டம், நான்கில் கூட்டல் குறி, நாலரை வயதையொட்டிச் சதுரம், ஐந்தை ஒட்டி முக்கோணம். சில மாதங்கள் முன்பின்னாக இருக்கலாம். ஆனால் கூட்டல் குறியே இன்னும் நேராக வராத குழந்தையை, சுழி, வளைவு, படுக்கைக்கோடு, நேர்க்கோடு அனைத்தும் ஒன்றாகச் சேர்ந்த 'அ'வை வரி வரியாக எழுத வைப்பதில் என்ன பயன்? 247 எழுத்துகளையும் வாரக்கணக்கில் பிரித்து அட்டவணை போட்டு வருகிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: சொல்லிப் பழகும் வரிசை வேறு, எழுதிப் பழகும் வரிசை வேறு. அ, ஆ என்று பாடலாகச் சொல்லட்டும், கதை கேட்கட்டும், கடைப் பலகைகளில் எழுத்தைத் தேடட்டும். எழுதும் காலம் வரும்போது ட, ப, ம என்ற கோட்டெழுத்துகளிலிருந்து தொடங்குங்கள். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையே மூன்று முதல் எட்டு வயது வரையுள்ள ஐந்தாண்டுகளை ஒரே அடிப்படை நிலையாக வைத்து, விளையாட்டு வழிக் கற்றலை வலியுறுத்துகிறது. பள்ளியின் அவசரம் பிடிக்காமல் வீட்டுக்கல்விக்கு வந்தவர்கள் அதே அவசரத்தை வீட்டுக்குள் கொண்டுவருவது வேதனையாக இருக்கிறது.

எழுதும் கையைத் தயார் செய்ய நோட்டு தேவையில்லை. சப்பாத்தி மாவைப் பிசையட்டும், மொச்சை உரிக்கட்டும், தன் கைக்குட்டையைத் தானே துவைத்துப் பிழியட்டும். கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து கோலப்பொடியை எடுத்துப் புள்ளி வைப்பதற்கு ஈடான விரல் பயிற்சி எங்கள் அறையில் உள்ள விலையுயர்ந்த சாதனங்களிலும் குறைவுதான். தேவனாம்பட்டினம் கடற்கரையின் ஈரமணலில் தோண்டுவதும், குச்சியால் கோடு இழுப்பதும், பூங்காவில் கம்பியைப் பிடித்துத் தொங்குவதும் தோளை உறுதியாக்கும். தோள் நிலைத்தால்தான் விரல் நிலைக்கும். பென்சிலில் மாட்டும் ரப்பர் பிடிகளை நீங்களாக வாங்கி மாட்ட வேண்டாம். உடைந்த சிறு கிரேயான் துண்டே பிடியைத் தானாகத் திருத்தும். இடக்கைப் பழக்கமுள்ள குழந்தையைத் தயவுசெய்து மாற்றாதீர்கள்.

ஆண்டைத் திட்டமிடும்போது நம் ஊரின் வானத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். 2011 டிசம்பரில் தானே, 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் என்று புயல்களைப் பார்த்தவர்கள் நாம். வடகிழக்குப் பருவமழையின் மாதங்களில் குழந்தை வீட்டுக்குள் அடைபடும். அப்போது கைவேலை, கதை, பல்லாங்குழி என்று ஒதுக்கிவிட்டு, வெளியே ஓடியாட வேண்டியவற்றை ஜனவரிக்குப் பிறகும், ஜூன் முதல் செப்டம்பர் வரையுள்ள மாலைகளிலும் வையுங்கள். மூன்று, நான்கு வயதில் நாளொன்றுக்குக் குறைந்தது மூன்று மணி நேர உடலசைவு வேண்டும், திரை நேரம் ஒரு மணியைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2019இல் தந்த வழிகாட்டுதல். மழை பெய்கிறது என்று அலைபேசியைக் கொடுத்துவிடாதீர்கள்.

பலரும் மறப்பது மருத்துவப் பரிசோதனை. பள்ளியிலும் அங்கன்வாடியிலும் நடக்கும் உடல்நலப் பரிசோதனையும், அங்கே தரும் குடற்புழு நீக்க மாத்திரையும் உங்கள் குழந்தைக்குத் தாமாக வந்து சேராது. நீங்கள்தான் கேட்டுப் பெற வேண்டும். ஐந்து வயதையொட்டிய முத்தடுப்பு ஊசி (தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், இரணஜன்னி ஆகியவற்றுக்கானது) விடுபட்டிருக்கிறதா என்று தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். கண்ணையும் காதையும் ஆண்டு தொடங்கும் முன்பே சோதியுங்கள். ஒரு கண்ணில் மட்டும் பார்வை குறைந்த குழந்தை அதைச் சொல்லத் தெரியாமலே வளரும்.

பிறகு பள்ளியில் சேர்க்க நேர்ந்தால் என்ன செய்வது என்று அஞ்சி எழுத வைப்பவர்களுக்கு ஒன்று: ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள குழந்தையை அதன் வயதுக்குரிய வகுப்பில் சேர்க்க 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் வழி செய்திருக்கிறது. பிறப்புச் சான்றிதழைப் பத்திரமாக வைத்திருங்கள்.

ஐந்து வயது கடந்தும் வட்டம் வரைய முடியவில்லை, சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை, பென்சிலை எடுத்ததுமே கை வலிக்கிறது என்று அழுகிறது, மற்ற குழந்தைகளோடு சேரவே மறுக்கிறது என்றால், இன்னும் கொஞ்சம் எழுதிப் பழகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நோட்டை மூடி வைத்துவிட்டுக் குழந்தையை அழைத்து வாருங்கள்.