ஓசிடி இருப்பவருக்குச் சட்டப்படி என்ன கிடைக்கும்?

பஸ் ஸ்டாப் வரை வந்தவர் திரும்பி வீட்டுக்குப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்க்கிறார். ஒரு முறை என்றால் எல்லாரும் செய்வதுதான். இவர் எட்டாவது முறையாக இழுக்கிறார். பூட்டு அசையவில்லை என்று கைக்குத் தெரிகிறது, மனசுதான் நம்ப மாட்டேன் என்கிறது. அதற்குள் பஸ் போய்விடுகிறது.

இதுதான் ஓசிடி, அதாவது எண்ணச் சுழற்சி நோய். கழுவுவது, எண்ணுவது, சரிபார்ப்பது எல்லாம் வெளியே தெரியும். சாமி படத்தைப் பார்த்தால் கெட்ட வார்த்தை மனசில் ஓடுவதும், பெற்ற குழந்தையைத் தானே ஏதாவது செய்துவிடுவோமோ என்று நடுங்குவதும் வெளியே தெரியாது. பாவம் செய்துவிட்டதாக நினைத்து வாயே திறக்காதவர்கள் இவர்கள். கழுவுகிறவர்களுக்கு வேறு சிக்கல். 'அவ ரொம்ப சுத்தம் பாப்பா' என்ற பாராட்டிலேயே பல வருஷம் ஓடிவிடும்.

சரி, எங்கே தொடங்குவது? 14416-க்கு போன் செய்யலாம். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை இது. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். நேரில் போவதென்றால் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மனநலப் பிரிவுக்கு ஓ.பி. சீட்டு போடுங்கள். சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் இருக்கிறது. அந்தப் பெயரைக் கேட்டதும் வீட்டில் முகம் மாறும், தெரியும். ஆனால் ஓசிடிக்குப் பெரும்பாலும் படுக்கையே வேண்டாம். பார்த்துவிட்டு மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம்.

அந்த மாத்திரை சலுகையாகத் தரப்படுவதல்ல. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18-வது பிரிவு, அரசு நடத்தும் அல்லது அரசு நிதியில் நடக்கும் இடங்களில் சிகிச்சை பெறுவதை உரிமையாக்கியிருக்கிறது. அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகளைச் சமுதாய சுகாதார நிலையத்திலிருந்து மேலே எல்லா அரசு மருத்துவமனைகளிலும் இலவசமாகத் தர வேண்டும் என்கிறது. ஓசிடிக்குக் கொடுக்கும் ஃப்ளூவாக்ஸெட்டினும் குளோமிப்ரமினும் தேசியப் பட்டியலில் இருக்கின்றன. 'ஸ்டாக் இல்லை' என்றால் முதலில் பொறுப்பு மருத்துவ அதிகாரியிடம் எழுத்தில் கொடுங்கள். பதில் திருப்தியில்லை என்றால், இந்தச் சட்டப்படி புகார்களை விசாரிக்கும் மனநல மறுஆய்வு வாரியத்துக்குப் போகலாம். இதில் பிடிவாதமாக இருப்பது நல்லது. ஓசிடிக்கு மருந்து சரியான அளவில் 10, 12 வாரம் போனால்தான் பலன் தெரியும். மூணாவது வாரத்தில் 'ஒண்ணும் கேக்கல' என்று நிறுத்திவிடுகிறவர்கள் ஏராளம்.

மருந்தோடு ஒரு பயிற்சியும் உண்டு. கதவுப் பிடியைத் தொட்டுவிட்டுக் கை கழுவாமல் உட்காரச் சொல்வார்கள். பதற்றம் ஏறும், உச்சிக்குப் போகும், கழுவாமலேயே இறங்கும். இதைப் படிப்படியாகச் செய்துவைக்க மனநல உளவியலாளர் வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இவர்கள் குறைவு என்பதால், இந்தச் சிகிச்சை இங்கே உண்டா என்று முதல் நாளே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

அப்புறம் இன்சூரன்ஸ். அதே சட்டத்தின் 21(4) பிரிவுப்படி, உடல் நோய்க்கு எப்படிக் காப்பீடு தருகிறார்களோ அப்படியே மனநோய்க்கும் தர வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நம்மிடம் உள்ள பாலிசிகளில் பெரும்பாலானவை மருத்துவமனையில் சேர்ந்தால்தான் பணம் தரும். ஓசிடி சிகிச்சையோ முக்கால்வாசி ஓ.பி.யிலேயே நடக்கிறது. அதனால் பாலிசி எடுக்கும்போதே ஓ.பி. செலவு உண்டா என்று பாருங்கள். மருத்துவமனையில் சேர்ந்த பிறகும் 'மனநோய்க்குக் கிடையாது' என்று மறுத்தால் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்வு வராவிட்டால் காப்பீட்டு குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

நோய் முற்றி வேலையே போய்விட்டவர்களுக்கு மாற்றுத்திறனாளி சான்றிதழ் என்ற வழி இருக்கிறது. இது பலருக்குத் தெரிவதில்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் அடக்கம். 'ஐடியாஸ்' என்ற அளவுகோலை வைத்து மதிப்பிடுவார்கள். தன்னைத் தானே கவனித்துக்கொள்வது, மற்றவர்களோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை என்று நான்கு விஷயங்களுக்கு மதிப்பெண். எத்தனை வருஷமாக நோய் இருக்கிறது என்பதற்கும் தனி மதிப்பெண். குளிக்கவே மூன்று மணி நேரம் ஆகிறது, அதனால் வேலைக்கு நேரத்துக்குப் போக முடியவில்லை என்பதெல்லாம் அங்கே கணக்கில் வரும். ஆகவே சங்கடப்படாமல் சொல்லுங்கள், பழைய ஓ.பி. சீட்டுகளையும் எடுத்துப் போங்கள். 40 சதவீதமும் அதற்கு மேலும் வந்தால்தான் பெரும்பாலான சலுகைகள். பழைய வரி முறையில் இருப்பவருக்கு ஆண்டு வருமானத்தில் 75,000 ரூபாய் கழிவு அதில் ஒன்று. விண்ணப்பத்துக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம்.

'பேரு பதிவாயிடுமே, நாளைக்குக் கல்யாணம் பேசும்போது?' என்று கேட்பார்கள். நோயாளியின் விவரங்களை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்று மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு சொல்கிறது. சட்டம் விதித்திருக்கும் சில விதிவிலக்குகள் தவிர, மருத்துவமனை அதை வெளியே சொல்லக் கூடாது.